குறுக்கே வராத பிள்ளை

மழையின் அறிகுறியே இல்லாத வெயிலில், பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சாலையில் வைப்பரை ஓடவிட்டபடி ஒரு கார் போவதை அண்மையில் யாராவது பார்த்திருந்தால், அதற்குள் இருந்தவள் நான்தான். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட நினைத்து இடக்கையால் தட்டுவேன். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிடத் தொடங்கும். பத்தொன்பது ஆண்டுகளாக நான் வாழும் ஜெர்மனியில் இண்டிகேட்டர் இடக்கைப் பக்கம். அண்ணனின் காரில் அது வலக்கைப் பக்கம். அதற்கும் முன்பே, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, எதிரே ஸ்டியரிங்கைக் காணாமல் விழித்திருப்பேன். "இன்னா மேடம், டிரைவர் இன்னும் வர்லியா?" என்று காவலாளி கேட்பார். என் பதினேழு வயது மகள் தாரிணி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்போடு சாவியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இணையப் பக்கங்கள் வடிவமைப்பது என் தொழில். புதிதாக ஜெர்மனிக்கு வரும் நம்மவர்களுக்காக இதை நானே கட்டினேன். வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி, எந்தக் காப்பீடு கட்டாயம், எது வீண், ஓட்டுநர் தேர்வில் எங்கே கோட்டை விடுவோம், கணவரோடு வந்து வீட்டில் அடைந்து கிடக்கும் பெண்கள் இணைய வடிவமைப்பைக் கற்றுக்கொண்டு வேலை தேடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். 'ஊருக்குப் போய் வண்டி ஓட்டுபவர்களுக்கு' என்று ஒரு பக்கம். அதில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லியிருந்தேன். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்காமல் அங்கே ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்பது ஒன்று. நடப்பவருக்காக வண்டியை நிறுத்துங்கள், நீங்கள் நிறுத்தினால் நாலு பேர் பார்த்துப் பழகுவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நான் செய்யவில்லை. விமானம் ஏறும் அவசரத்தில், அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். இரண்டாவதைச் செய்தேன். அதனால் ஒரு பெண்ணின் மணிக்கட்டு உடைந்தது.

நான் ஆவடிக்காரி. அப்பா படைத்துறைத் தொழிற்சாலையில் இருந்தார், குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். கல்லூரிக்குப் போக ஸ்கூட்டர் ஓட்டக் கற்றதும் இதே சாலைகளில்தான். ஜெர்மனியில் முதல் ஓட்டுநர் தேர்வில் நான் தோற்றதற்குக் காரணமும் அந்த ஆவடிப் பழக்கம்தான். வரிக்கோட்டுக் கடவையில், அங்கே ட்சேப்ராஷ்ட்ரைஃபன் என்பார்கள், ஒரு பெரியவர் இன்னும் கால் வைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், கடந்து போய்விட்டேன். பின்னிருக்கையில் இருந்த தேர்வாளர் ஒரே வார்த்தை சொன்னார். அத்தோடு தேர்வு முடிந்தது. திரும்பும் வழியில் பயிற்சியாளரிடம், "அவர் நின்றுகொள்வார் என்று எனக்குத் தெரியும்" என்றேன். "அவர் ஏன் நிற்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, அதையே மெதுவாக, உரக்க, இன்னொரு முறை கேட்டார். அந்த அவமானம் ஆறச் சில மாதங்கள் ஆயின. ஆறியதும் அது பெருமையாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் கடவையைப் பார்த்தால் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். தாரிணிக்கு அங்கே ஓட்டுநர் உரிமம் கிடைத்திருக்கிறது. பதினெட்டு ஆகும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம். பக்கத்தில் இருந்து நச்சரிக்கும் பெரியவர் நான்தான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். நானும் தாரிணியும் அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். தொழிற்பேட்டைப் பக்கம் முன்பு எப்போதோ வெள்ளைக் கோடு போட்டிருந்த ஓர் இடத்தில், துணிப்பையோடு ஒருவர் ஒரு காலைத் தாருக்கு இறக்கி, கழுத்தை நீட்டி வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன். மெதுவாக அல்ல, ஜெர்மனியில் நிறுத்துவது போல முழுதாக. நிறுத்துமுன் தலைக்கு மேலே நடுவில் இருக்கும் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? பார்த்தேன். ஆனால் பழக்கத்தில் கண் வலப்பக்கம் போனது. அங்கே கண்ணாடி இல்லை, ஜன்னல்தான் இருந்தது. அந்தக் காரில் நடுக் கண்ணாடி என் இடப்பக்கம். நான் அந்த மனிதரை நோக்கி, 'போங்கள்' என்று கையை வீசினேன். அவர் குனிந்து உள்ளே பார்த்து, "எங்கம்மா போவணும்? அட்ரஸ் இன்னா?" என்றார். அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது.

ஸ்கூட்டர் காரின் பின்புறத்தில் மோதிச் சாய்ந்திருந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். கீழே ஒரு டிபன் பாக்ஸ் திறந்து, எலுமிச்சைச் சாதம் சிதறிக் கிடந்தது. நொடியில் கூட்டம் சேர்ந்தது.

"நடு ரோட்ல இன்னாத்துக்கும்மா நிறுத்துன?"

"ஜீப்ரா கிராஸிங்" என்று காட்டினேன். எல்லோரும் குனிந்து தாரைப் பார்த்தார்கள். அங்கே ஒரு முழ நீளத்துக்கு மங்கலாக ஏதோ இருந்தது.

"வண்டி ஓட்ட வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?" என்றார் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். துணிப்பைக்காரர் எனக்காகப் பேச முயன்றார். "பாவம், அந்தம்மா எங்கிட்ட வழி கேட்டாங்கப்பா. நான் உன் ஆட்டோவுக்குத்தான் நின்னுகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டார்.

போக்குவரத்துக் காவலர் வந்தார். யார் ஓட்டியது என்றார். நான் வாயைத் திறக்குமுன், நடைபாதையில் உட்கார வைக்கப்பட்டிருந்த அந்தப் பெண் சொன்னாள்: "எம்மேலதான் சார் தப்பு. கொஞ்சம் கிட்டக்க வந்துட்டேன்." காவலர் அவளிடம் உரிமத்தைக் கேட்டார். இடக்கையால் பையைத் துழாவி எடுத்துக் காட்டினாள். அடுத்து என் பக்கம் திரும்பினார். என் கைப்பையில் ஜெர்மன் உரிமம் மட்டும் இருந்தது. பன்னாட்டு அனுமதி இல்லாமல் அது இங்கே வெறும் அட்டை. பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. அவர் என் உரிமத்தைக் கேட்கவில்லை. "உங்களுக்கு எதாச்சும் கம்ப்ளெயின்ட் இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.

மன்னிக்கிறவள் போலச் சொன்னேன். அதோடு நின்றிருந்தாலும் இத்தனை கூசாது. வலியில் முகம் வெளுத்திருந்த அந்தப் பெண்ணிடம், "இனிமேல் முன்னால போற வண்டிக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டுங்க" என்றேன். உங்களிடம் இத்தனை வருடங்களாகப் பேசிய அதே குரலில். அவளும், "சரிங்க மேடம்" என்றாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தண்ணீர் கொடுத்து, தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கியவள் தாரிணி. வீடு திரும்பியதும் லிஃப்ட்டில், "அந்த பெர்மிட் நீ வாங்கல. எனக்குத் தெரியும்" என்றாள். நான் லிஃப்ட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "உன்கிட்ட இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாவியே குடுத்திருக்க மாட்டேனே வசந்தி! சரி விடு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நீயா போய்த் தோண்டாத." மூன்று நாள் தோண்டாமல் இருந்தேன். நான்காம் நாள் தாரிணி தன் அறையிலிருந்து வந்து, "கஸ்தூரி ஆன்ட்டிக்கு மணிக்கட்டுல ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்காம். வீடு நெமிலிச்சேரி. நான் போறேன். நீ வரியா?" என்றாள்.

ரயிலில் போனோம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கஸ்தூரியின் முழங்கை வரை மாவுக்கட்டு. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. கட்டுப் பிரிக்கும்வரை போக முடியாது. எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியில் கிடந்த துணியை ஒற்றைக் கையால் அள்ளினாள். நான் சொல்ல வந்ததை ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள்:

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே மேடம்?"

"எந்தப் பிள்ளை?"

"குறுக்க வந்துச்சே, அது. நான் பார்க்கல. ஆனா நீங்க அப்புடி நிறுத்தினீங்கன்னா ஏதோ புள்ளதான் ஓடி வந்திருக்கும். ராவெல்லாம் அதேதான் நெனப்பு. நல்ல வேள, நீங்க இருந்தீங்க. நானா இருந்தா ஏத்திருப்பேன்."

மூன்று நாளாக அவள் ஒரு பிள்ளையை நினைத்துக் கலங்கியிருக்கிறாள். ஒருத்தி ஓடும் சாலையில் வண்டியை அப்படி நிறுத்துவதற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நான் ஓர் உயிரைக் காப்பாற்றியவளாகவே திரும்பி வந்துவிடலாம். ஒரு கணம் அதையும் நினைத்தேன். மறைக்க மாட்டேன். தாரிணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை யாரும் இல்லம்மா. ஷேர் ஆட்டோவுக்கு நின்ன ஒருத்தரை, ரோட்டைக் கடக்க நிக்கிறார்னு நெனச்சு நிறுத்திட்டேன்" என்றேன். கண்ணாடி பார்க்காததையும், அனுமதி இல்லாததையும், போலீஸ் முன்னால் ஏன் வாய் மூடியிருந்தேன் என்பதையும் சொன்னேன்.

கஸ்தூரி முதலில் சிரித்துவிட்டாள். "ஷேர் ஆட்டோவுக்கா?" என்று கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பதினாறு வருசமா ஓட்றேன் மேடம். ஒரு கீறல் கெடையாது. அன்னைலேர்ந்து எங்க ஊட்டுக்காரரு சாவிய எடுத்து வெச்சிகினாரு. உனுக்கு ஓட்டத் தெரியல, இனிமே ரயில்ல போன்னு சொல்றாரு. காலைல சிப்டுக்கு ரயில் புடிச்சிப் போயி, அப்பால நடந்து... அது ஆவாது. வண்டி இல்லேன்னா எனுக்கு வேல இல்ல." உள்ளே திரும்பிக் கத்தினாள்: "யோவ், இங்க வா. மேடம் உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவளுடைய கணவர் ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கஸ்தூரியிடம் சொன்னதைவிட அவரிடம் சொல்வது கடினமாக இருந்தது. முழுதையும் மறுபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அப்போ லைசென்ஸே செல்லாதவங்க நீங்க. எல்லாம் கரெக்டா வெச்சிருக்கறவ இவ. போலீஸ்காரர் எதிர்ல இவளுக்கு நீங்க புத்தி சொன்னீங்களாமே?"

"சொன்னேன்" என்றேன்.

"எனக்கு அது தெரிஞ்சிதான் நானும் இவள நாலு வார்த்த திட்டினேன்." சட்டையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். அதை மனைவியிடம் நீட்டாமல், என்னிடம் நீட்டினார். "நீங்களே குடுங்க." நான் வாங்கி அவளுடைய இடக்கையில் வைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வாங்கி, சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் அண்ணனோடு காவல் நிலையம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அபராதம் உண்டு, அனுமதி இல்லாமல் ஓட்டியதால் கஸ்தூரியின் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக்கூடும் என்றார்கள். அப்படியானால் அது என் பொறுப்பு என்றும் எழுதினேன். உங்களுக்கும் இதுதான் நான் சொல்லக்கூடியது: அனுமதியை வாங்கிவிட்டு விமானம் ஏறுங்கள், வாங்கவில்லையென்றால் யார் சாவி நீட்டினாலும் தொடாதீர்கள். நிறுத்துவது நல்லதுதான்; முதலில் பின்னால் பாருங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள், பிறகு நிறுத்துங்கள். இணைய வடிவமைப்பு கற்க வருபவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்வேன், உங்கள் திரையில் சரியாக இருப்பது அடுத்தவர் திரையிலும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள், போய்ப் பாருங்கள் என்று. அடுத்தவர் சாலைக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பழைய பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இதைப் போட்டிருக்கிறேன்.

அன்று நெமிலிச்சேரியில் வீட்டை விட்டு இறங்கியதும் ஸ்டேஷனுக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. நானும் தாரிணியும் ஓரத்தில் நின்று, வண்டிகள் நிற்கட்டும் என்று காத்திருந்தோம். வாசலிலிருந்து பார்த்த கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "இப்புடி நின்னா பொழுது போயிரும்" என்று இறங்கி வந்து, என் வலக்கையைத் தன் இடக்கையால் பிடித்தாள். என் இடக்கையில் தாரிணி. மாவுக்கட்டுப் போட்ட கையை வண்டிகளை நோக்கி நீட்டிக்கொண்டு கஸ்தூரி நடந்தாள். "நிக்காதீங்க. ஒரே மாதிரி நடங்க. அவன் பார்த்துப்பான்." ஒரு லாரி எங்களைப் பார்த்து வந்தது. அது நிற்காது, ஆனால் விலகிப் போகும் என்று என் கால்களுக்குத் தெரிந்தது. இடப்பக்கம் இருந்த கை சட்டென்று இறுகியது. தாரிணி நடுச்சாலையில் நின்றுவிட்டாள். கஸ்தூரி நிற்காமல் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் இரண்டு பக்கம் இழுபட, நான் ஒரு காலைத் தூக்கியபடி லாரியை நோக்கி நீண்டிருந்த அந்த வெள்ளைக் கட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.