அவள் எலும்புக்கு மூன்று வயது

முதலில் காட்டிக் கொடுத்தது ஒரு பாவாடைதான். தீபாவளிக்குத் தைக்கும்போது, வளருகிற பிள்ளை என்று அடியில் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்போம். அடுத்த வருஷம் ஒன்றைப் பிரிக்கலாம், அதற்கடுத்த வருஷம் இன்னொன்றை. என் மகள் அஞ்சலையின் நீலப் பாவாடை சாயம் போய், இடுப்புப் பக்கம் நைந்தும்விட்டது. மடிப்பு இரண்டும் தைத்தது தைத்தபடியே இருந்தன. துவைத்துக் கொடியில் போடும்போதுதான் அதைக் கவனித்தேன். பிள்ளை வளரவே இல்லை.

அப்போது அவளுக்கு ஏழு வயது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லாம் தெருவை இரண்டாக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். நடந்ததும் பேசியதும் உரிய காலத்தில்தான். நான்கு வயதுவரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு சாவி கொடுக்காத கடிகாரம்போல மெல்ல மெல்ல நின்றுபோனாள். முகம் உப்பியிருக்கும். தோல் சொரசொரப்பாக இருக்கும். உச்சி வெயிலிலும் கை சில்லென்றிருக்கும்.

அடம் கிடையாது, அழுகை கிடையாது. "தங்கமான புள்ள, இருக்கிற எடமே தெரியல" என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. பிள்ளை சமர்த்து என்று பூரிக்கிற தாய்மாருக்கு இப்போது சொல்கிறேன்: ஏழு வயதுப் பிள்ளை உங்களை ஒரு நாளும் எரிச்சல்படுத்தவில்லை என்றால், டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் ஆட்களிடம் பிள்ளை வளரவில்லை என்று சொன்னால் ஒரே பதில்தான் வரும். படுத்திருந்த பிள்ளையை யாரோ தாண்டிவிட்டார்கள். தாண்டியவரே திரும்பத் தாண்டினால் சரியாகிவிடும். ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிற வீட்டில் யார் யாரைத் தாண்டவில்லை? ஆனாலும் பழி என் நாத்தனார் பாக்கியத்தின் தலையில் விழுந்தது. கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள், மாதத்துக்கு ஒருமுறை அண்ணனைப் பார்க்க வந்து தங்குவாள். ஆள் நல்ல நெட்டை, நீளமான கால். சாட்சிக்கு அது போதாதா?

"அண்ணி, சத்தியமா நான் தாண்டல" என்று அழுதாள். அழுதபடியே திரும்பத் தாண்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரரும் தாண்டினார். நானும் தாண்டினேன். பக்கத்து வீட்டிலிருந்துகூட வந்து தாண்டிவிட்டுப் போனார்கள். அஞ்சலை பாயில் படுத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கூத்துக்கும் அந்தப் பிள்ளை ஒரு சிரிப்புச் சிரிக்கவில்லை.

அடுத்து மருந்துக் கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தோம். மருந்து போனது, பூச்சிதான் வரவில்லை. அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைக்க முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கசங்குகிறது.

டாக்டர் மெட்ராஸில் படித்த தமிழர். அவளுடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"குளிருதுன்னு சொல்றாளா?"

"கோலாலம்பூர்ல ஏது டாக்டர் குளிரு? இவதான் போர்வைய விடமாட்டேங்கிறா."

"வெளிக்கு ஒழுங்காப் போறாளா?"

"அதுவும் நெனைச்சப்பதான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். கைக்கு எக்ஸ்ரே (உள்ளே இருக்கும் எலும்பைக் காட்டும் படம்) எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். புகைக்குள்ளே ஒரு சின்னக் கை தெரிந்தது.

"மணிக்கட்டுல இந்த வயசுக்குத் தெரிய வேண்டிய எலும்பு பாதிகூட இல்லம்மா. உங்க மகளுக்கு வயசு ஏழு. அவ எலும்புக்கு மூணு."

தைராய்டு (கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சுரக்க வேண்டியதைச் சுரக்கவில்லை என்றார். உடம்பை வளரச் சொல்லி விரட்டுவது அதுதானாம். விரட்ட ஆள் இல்லாததால் எலும்பு, குடல், நாடி எல்லாம் சோம்பிக் கிடக்கின்றன என்றார்.

"இப்படியே குள்ளமா நின்னுடுவாளா டாக்டர்?"

"மருந்து குடுத்தா வளருவா. குடுக்காம விட்டா உயரம் மட்டும் இல்ல, புத்தியும் மங்கிப்போகும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நல்லா ஆயிட்டான்னு தோணினாலும் நிறுத்தக் கூடாது."

நான் 'வளருவா' என்ற ஒரு சொல்லை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மருந்து எதில் செய்தது என்று கேட்டேன். ஆட்டின் கழுத்தில் இருக்கும் அதே சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரை என்றார்.

முதலில் நடந்தது வளர்ச்சி இல்லை. அவள் மெலிந்தாள். உப்பல் வடிந்து முகம் சிறுத்தது, முடி கொட்டியது. "புள்ளைய ஆஸ்பத்திரிக்காரன் உருக்கிட்டானே" என்று பக்கத்து வீட்டில் அங்கலாய்த்தார்கள். இந்தக் கட்டத்தில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். ஒரு நாள் காலையில் போர்வையைத் தானே உதைத்துத் தள்ளிவிட்டு, "ம்மா, வேர்க்குது. பசிக்குது" என்றாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

இதற்குள் 'ஆட்டுக் கழுத்து' என்ற சொல் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காய்ந்த கழுத்துக்கே இவ்வளவு குணம் என்றால் பச்சைக் கழுத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று பாக்கியம் கணக்குப் போட்டுவிட்டாள். பாசார் சந்தையில் இறைச்சிக் கடை பாயிடம் சொல்லிவைத்து, சுரப்பியோடு கழுத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினாள். இங்கேயும் கடையில் சொல்லிவைத்து வாங்கி, மிளகு தட்டிப் போட்டுத் தினமும் சூப். மாத்திரையும் உண்டு, சூப்பும் உண்டு. கழுத்துச் சூப் உடம்புக்கு நல்லதுதானே என்று எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

சில நாளில் அஞ்சலைக்குத் தூக்கம் போனது. கை நடுங்கியது, வயிற்றுப்போக்கு வேறு. மார்பில் கை வைத்தால் கூண்டுக்குள் அடைத்த குருவிபோலத் துடித்தது. நானும் பாக்கியமும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டுச் சூப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாத்திரைக்கு அளவு இருக்கும்மா. உங்க சூப்புக்கு என்ன அளவு இருக்கு?"

"ரெண்டு கரண்டி, டாக்டர்" என்றாள் பாக்கியம், பயபக்தியோடு.

அவர் அதட்டத்தான் வாயைத் திறந்தார். சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: அது வெறும் ஆட்டுக் கழுத்து இல்லை, மருந்து, மருந்து மிஞ்சினால் இதயம் தாங்காது. நடுக்கம் அடங்கும்வரை மாத்திரையை நிறுத்திவைத்தார், பிறகு பழைய அளவிலேயே தொடங்கினார். நிறுத்துவது, தொடங்குவது எல்லாம் அவர் கையில் என்றும் சொல்லிவைத்தார். எனக்குப் பாக்கியத்தின்மேல் கோபமே வரவில்லை. தாண்டிய பழியைச் சூப்பில் கரைக்கப் பார்த்தாள், பாவம்.

அதற்குப் பிறகு அஞ்சலையின் உடம்பு ஓடத் தொடங்கியது. பால்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பாவாடை மடிப்பு இரண்டையும் ஒரே வருஷத்தில் பிரித்தேன், அப்படியும் கணுக்கால் தெரிந்தது. தமிழ்ப் பள்ளியில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு சேர்த்தோம். எழுத்துக்கூட்டிப் படித்தவள் விறுவிறுவென்று படிக்க ஆரம்பித்தாள். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயைச் சன்னலில் பிடித்து, "எலும்பு ஓடி வருதும்மா, வயசைப் புடிச்சிடும்" என்றார் டாக்டர்.

அதுவரை வயது என்றால் பிறந்த நாளிலிருந்து எண்ணுவது என்றுதான் நினைத்திருந்தேன். உடம்புக்கு என்று தனியாக ஒரு காலம் இருக்கிறது. அது நிற்கும், பின்தங்கும், தட்டிவிட்டால் ஓடியும் வரும். குட்டையான பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. பெற்றோர் குட்டை என்றால் பிள்ளையும் குட்டைதான், அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை நின்றுபோனால் மட்டும் யாரையும் தாண்டச் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் பிள்ளை இன்றைக்கும் காலையில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். ஆயுசுக்கும் போடுவாள். போடட்டும்.

போன வாரம் பின்வரிசையில் குடியிருக்கும் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க மகள கண்டிச்சு வைக்கப் போறீங்களா இல்லியா? எங்க ரம்புத்தான் மரத்த மொட்டையடிச்சிட்டா. கேட்டா எதுத்து வேற பேசறா!"

"எந்தக் கெளைல பறிச்சா?" என்றேன்.

"என்னது?"

"இல்லக்கா, எந்தக் கெளை? ஒசரத்துல உள்ளதா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். மரத்தடியில் நின்று, எக்கிக் கையைத் தூக்கிப் பார்த்தேன்.

என் கை எட்டுகிற உயரம்வரை பழம் ஒன்றுகூட இல்லை.