குடை திறக்காத இடம்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். ஞானஸ்நானத்தின்போது ஃபாதர் தலையில் தண்ணீர் ஊற்றியதும் மற்றக் குழந்தைகள் வீறிட்டு அழ, நான் மட்டும் கண்ணைச் சுருக்கி அவரை முறைத்தேனாம். அம்மா சொல்லித் தெரியும். பத்து வயதுக்குள் அந்தக் குணம் நன்றாக முற்றிவிட்டது. தேக்கா பாசாரில் மீன்காரர் தராசைத் தூக்கினால் நான் மீனைப் பார்க்கமாட்டேன், அவர் விரலைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் இருக்கும் வீட்டில் அப்பா ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள நினைத்தார் என்றால், அவருக்குத் தன் மகளைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அது எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் பதினோராவது மாடியில் இருந்தோம். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மாமா வருவார். அம்மாவின் தம்பி; நகரத்தில் குளுகுளு அறையில் டை கட்டி உட்காரும் வேலை. அவர் குடியிருந்த வாடகை அறையில் தொலைக்காட்சி கிடையாது. ஆகவே காகிதக் கூம்புகளில் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு வந்து, அப்பாவின் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, எங்கள் பெட்டியில் ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடரைப் பார்த்துவிட்டுப் போவார்.

கதை எளிமையானதுதான். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு குடைத் தொழிற்சாலை. மழையோ வருவதாக இல்லை. தொழிற்சாலை மேலாளர் மழைக்காகப் பாதிரியாரிடம் போகிறார், மேயரிடம் போகிறார், கடைசியில் ஒரு குறிசொல்லியிடமும் போகிறார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மிச்சமெல்லாம் பேச்சு. வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினார்கள்.

“இது சும்மா காமெடி இல்ல லா,” என்று மாமா முதல் வாரமே அறிவித்துவிட்டார். “ஒரு பெரிய நாவல்லருந்து எடுத்தது. இங்கிலீஷ்காரன் தன்னையே கிண்டல் பண்ணிக்கிறான். எல்லாருக்கும் விளங்காது.”

எல்லாருக்கும் என்று அவர் சொன்னபோது அங்கே இருந்தது அம்மா, அப்பா, நான். அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்; தம்பியின் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. நான் ஆங்கிலப் பள்ளியில் தொடக்கநிலை நான்கு, மாமாவின் கட்சி. மிஞ்சியவர் அப்பா.

அப்பா தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். பூன் லேக்கு அப்பால் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் வேலை. போல்ட்டு, நட்டு, வால்வு இவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அத்தனையும் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. அதற்கு மேல் ‘நோ ஸ்டாக்’, ‘சைன் ஹியர்’. வியாழக்கிழமைகளில் வாசல் பக்கம் முக்காலியைப் போட்டு அமர்ந்து, எதையாவது திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருப்பார். மாமா தொடையில் தட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்பா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்ப்பார்.

மூன்றாவது வாரமாக இருக்கும். மேலாளர் தொழிலாளர்களைக் கூட்டிவைத்து நீளமாக ஏதோ பேசினார். கடைசியில் ஒரு சின்ன வாக்கியம். மாமா வெடித்துச் சிரித்தார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார். “என்னம்மா சொன்னான்? எதுக்குச் சிரிச்ச?”

“உங்களுக்கு விளங்காது பா. விடுங்க,” என்றேன்.

மாமா அதற்கும் சிரித்தார். அப்பா திருகாணியை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் சில வாரம் கழித்துத்தான் என் சந்தேகம் தொடங்கியது. அப்பா முக்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். முதலில் எங்களோடு சேர்ந்து சிரித்தார். சரி, கூட்டத்தோடு கூட்டமாகச் சிரிக்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் எங்களுக்கு முன்னால் சிரித்தார். பெட்டிக்குள் அந்த ஆள் வாயைத் திறக்கிறான், வாக்கியம் இன்னும் வெளியே வரவில்லை, அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. மாமா கச்சாங்கை மென்றுகொண்டிருந்தார், அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார், ஆகவே இருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். இதுவரை யாருமே பார்க்காத ஒரு கதையில் அடுத்து என்ன வரும் என்று கப்பல் பட்டறை ஸ்டோர்காரருக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து அப்பாவைக் கண்காணிக்கத் தொடங்கினேன். கண்காணித்தால் எல்லோரிடமும் ஏதாவது அகப்படும். அப்பாவிடம் சனிக்கிழமை அகப்பட்டது. சனிக்கிழமை அரைநாள் வேலை. ஆனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வந்தார். கேட்டால் ஓவர்டைம். மற்ற நாள்களில் அவர் சட்டையில் எண்ணெயும் துருவும் வியர்வையும் கலந்த ஒரு வாடை இருக்கும். சனிக்கிழமைச் சட்டையில் அது பாதிதான் இருந்தது. துணி சில்லென்று இருந்தது. சட்டைப் பையில் ஒரு துண்டுப் பென்சில். கப்பல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்தவர் சில்லென்று வருவாரா?

அந்தச் சமயம் பார்த்து அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் நடைபாதையில் நின்று, மூன்றாவது மாடிக்காரருக்குக் கேலாங்கில் இன்னொரு வீடு இருக்கிறதாம் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு வீடு இருந்தால் நல்லதுதானே என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மா குரலைத் தாழ்த்திய விதத்தைப் பார்த்ததும் அது நல்ல வீடு இல்லை என்று புரிந்தது. அப்பாவுக்கும் அப்படி ஒன்று, குளுகுளு வசதியோடு, எங்கேயோ இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். பயமாக இருந்தது. அப்பா அங்கேயே தங்கிவிட்டால் எங்கள் கதி என்ன என்று யோசித்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதை யாரிடம் சொல்வது? கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது வழி கிடைத்தது. முழங்காலிட்டு, வலைத்தட்டிக்கு அருகில் வாயை வைத்துச் சொன்னேன்.

“ஃபாதர், ஓவர்டைம்னு ஆறு தடவ பொய் சொன்னது.”

“ஓவர்டைமா? யாரும்மா சொன்னது?”

“எங்க அப்பா, ஃபாதர்.”

“சரி. நீ என்ன பாவம் செஞ்ச?”

“நான் ஒண்ணும் செய்யல ஃபாதர். நான்தான் கண்டுபிடிச்சேன்.”

தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதருக்கு நெடுநேரம் இருமல். பிறகு, அவரவர் பாவத்தை அவரவர்தான் சொல்லவேண்டும் என்றும், நீ பெற்றவரைச் சந்தேகப்பட்டதற்கு ‘அருள் நிறைந்த மரியே’ மூன்று முறை சொல் என்றும் அனுப்பிவிட்டார். நான் இரண்டு சொன்னேன். மூன்றாவதை அப்பா சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை அப்பா குளிக்கப் போனபோது அவருடைய வேலைப் பையைத் திறந்தேன். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு நோட்டு. எடுத்துப் பார்த்தால் அது என் நோட்டு! முந்தைய ஆண்டு ஆங்கில வகுப்பில் பாதி எழுதி மிச்சம் விட்டது. என் கோணல் எழுத்தும் ஆசிரியையின் சிவப்பு மையும் முடிந்த இடத்தில் அப்பாவின் எழுத்து ஆரம்பித்தது. ஆங்கிலச் சொற்கள், பக்கத்தில் தமிழில் பொருள். இடையிடையே வாக்கியங்கள். முதல் வரி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

‘பக்கம் 31. பாப்பா சிரித்தது இங்கே. மழை நம் கையில் இல்லை, உங்கள் வேலை என் கையில் இருக்கிறது என்கிறான்.’

பாப்பா என்றால் நான்தான். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் எங்கே சிரித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் நான் அவரைக் கண்காணித்ததுபோல் அவரும் என்னைக் கண்காணித்திருக்கிறார்! ஆத்திரமாக வந்தது. மளமளவென்று புரட்டினேன். ‘பக்கம் 74, சிரிப்பு.’ ‘பக்கம் 90, சிரிப்பு, ஆனால் பாவம்.’ ‘பக்கம் 163. முதலாளியின் சவ அடக்கம். மழை வருகிறது. எல்லோரும் கம்பெனிக் குடையை எடுக்கிறார்கள். ஒன்றுகூடத் திறக்கவில்லை. பெரிய சிரிப்பு.’

இந்தச் சவ அடக்கம் தொடரில் இன்னும் வரவே இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது எனக்கு. இது கேலாங் வீடு இல்லை. இது காப்பி அடிப்பது. பரீட்சைத் தாளை முந்தின நாளே எங்கிருந்தோ வாங்கிப் படித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் முதல் ஆளாகக் கையைத் தூக்குவது. எங்கள் பள்ளியில் அதற்குத் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கவைப்பார்கள். நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வியாழக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

சவ அடக்கம் அந்த வியாழனே வந்தது. கறுப்பு உடையில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் நின்றது. வானம் இருண்டது. அப்பா முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, கண்ணைச் சிமிட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தூறல் விழுந்தது. எல்லோரும் குடையைக் கையில் எடுத்தார்கள். அப்பா ஓவென்று சிரித்தார்.

குடைகள் திறந்துகொண்டன. அத்தனையும், ஒன்று பாக்கியில்லாமல், அழகாகத் திறந்துகொண்டன. கீழே முதலாளியின் விதவை அழுதுகொண்டு நின்றாள். பின்னணியில் வயலின். பெட்டிக்குள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்பாவின் சிரிப்பு மட்டும் எங்கள் கூடத்தில் தனியாகக் கேட்டது. பாதியில் அதை விழுங்கப் பார்த்தார், முடியாமல் இருமினார்.

மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “என்ன அத்தான்? சவ அடக்கம் லா. அந்தம்மா அழுவுது. எதுக்குச் சிரிக்கிறீங்க?”

அப்பா வாய் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். “நோட்டுல எழுதி வச்சிருக்காங்க மாமா! இங்க பெரிய சிரிப்புன்னு!” ஓடிப்போய்ப் பையிலிருந்து எடுத்து வந்து மாமாவின் கையிலேயே கொடுத்தேன்.

மாமா புரட்டினார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டுப் படித்தார். அம்மா கரண்டியோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

“புஸ்தகத்துல குடை திறக்காது,” என்றார் அப்பா. யாரையும் பார்க்காமல் சொன்னார். “சனிக்கிழமை லைப்ரரில உக்காந்து படிச்சேன். பெரிய டிக்சனரிய வீட்டுக்குக் குடுக்கமாட்டாங்க. இவங்க மாத்திட்டாங்க போல.”

“அடேயப்பா! சிரிக்கிறதுக்கு டியூஷனா அத்தான்?” என்று மாமா கைகொட்டிச் சிரித்தார். மாமா சிரித்ததால் நானும் சிரித்தேன். அம்மா மட்டும், “தம்பி, போதும். குடு அத,” என்றார். அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அப்பா நோட்டை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அடுத்த வியாழக்கிழமை மாமா வந்ததும், கோப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று அப்பா கீழே இறங்கிப் போனார். தொடர் முடிந்த பிறகுதான் மின்தூக்கிச் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வியாழனும் அப்படித்தான். சனிக்கிழமைகளில் மதியமே வீட்டுக்கு வந்தார். வழக்கைத் துப்புத் துலக்கி முடித்த பெருமையில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் சாமான் பெட்டியில் எல்லாம் இருந்தது, அந்த நோட்டைத் தவிர.

போன மாதம் என் மகன் அந்தத் தொடரை எங்கிருந்தோ தேடி எடுத்துத் தந்தான். மாமாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். பழைய ஞாபகமாக இருக்கட்டுமே என்று அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “கீழ எழுத்து வருமில்ல, அதப் போடும்மா,” என்றார். “அப்பதான் என்ன பேசறான்னு விளங்கும்.”

“அப்ப எழுத்தே இல்லையே மாமா. எப்படி அப்படிச் சிரிச்சீங்க?”

“டிவிக்குள்ள ஆளுங்க சிரிப்பாங்கல்ல,” என்றார் மாமா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். “அத வச்சுச் சிரிக்கிறதுதான் லா. அவன் பேசுறது யாருக்கு விளங்குச்சு?”

எழுத்தைப் போட்டேன். மூன்றாவது பகுதியில் மேலாளர் தொழிலாளர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். மழை நம் கையில் இல்லை. உங்கள் வேலை என் கையில் இருக்கிறது. பெட்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். தொழிலாளர்களின் முகங்களைக் காட்டினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே பட்டறையில் நின்ற மனிதருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இதற்குச் சிரிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்குள் சிரித்தவர்களைப் பார்த்து மாமா சிரித்தார். மாமாவைப் பார்த்து நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தாய் என்று அப்பா கேட்டபோது, எனக்கும் தெரியாது பா என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதனால் அவர் சனிக்கிழமை சனிக்கிழமையாக அகராதியை வைத்துக்கொண்டு, தன் மகள் எங்கே சிரித்தாள் என்று வரிவரியாகத் தேடி, முப்பத்தொன்றாம் பக்கத்தில் கண்டுபிடித்து எழுதிவைத்தார். நான் அங்கே சிரிக்கவே இல்லை.