தானாக ஏறிக்கொள்ளும் சர்வர்

ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல், திரையில் ஒன்றும் காட்டாமல் டேட்டாபேஸ் சர்வரை நிறுவும் ஸ்கிரிப்டை எங்கள் ஒரகடம் தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

"அதான் தானா ஏறிக்குதே, இவரு எதுக்கு சார்?" என்று என் மேலாளர் இயக்குநரிடம் சொன்னார். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

இன்று புதிய உற்பத்தி லைனில், இயக்குநர் முன்னிலையில், மேலாளரே அதை இயக்கினார். திரையில் அசைவில்லை. ஓடவில்லை என்று நினைத்துப் பாதியிலேயே கணினியின் சுவிட்சை அணைத்தார். பின்னால் நின்ற நான் தடுக்கவில்லை. பாதி ஏறியது சிக்கிக்கொண்டதால், பிறகு எத்தனை முறை இயக்கியும் சர்வர் ஏறவில்லை, லைன் நின்றது.

மாலையில் மேலாளர் ஸ்டோருக்கே வந்துவிட்டார். "இன்னா பண்றதுன்னே தெரியல சார். ஒரு தபா வந்து பாருங்களேன்."

"தானாக ஏறிக்கொள்ளும். காத்திருங்கள்" என்றேன்.

இனி இயக்குநரே நேரில் வந்து அழைத்தால்தான் எழுவேன். நீங்களாக இருந்தால், அதற்காவது எழுந்திருப்பீர்களா?