காலு தண்ணி குடிச்சானா?

நரி முகத்தில் முழித்தால் நல்லது என்பார்கள். போன மாதம் நான் முழித்தேன். என்ன நடந்தது என்று கேளுங்கள்...

எங்க வீட்டுக்காரரோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ராம்கிஷனுக்கு டில்லிக்கு வெளியே நஜஃப்கர் பக்கம் நிலம் இருக்கிறது. கோதுமை, கடுகு, நாலைந்து ஆடு. அங்கிருந்துதான் தினம் பஸ் பிடித்து வருவார். பாபிஜியை — அண்ணியை, அதாவது என்னை — கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ரொம்ப நாளாக நச்சரிப்பு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அடைந்து கிடந்து எனக்கும் அலுத்துப்போச்சு. ஒரு சனிக்கிழமை போய்த் தங்கினோம்.

ஞாயிறு விடியற்காலை ஒரே களேபரம். வெளியே ஓடினால், பனிமூட்டத்தில் கொட்டில் வாசலில் ஒரு நரி! ஆட்டுக்குட்டியின் காலைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. நரியின் கழுத்தைக் கவ்வியிருந்தது காலு — ராம்கிஷனின் பண்ணை நாய். இரண்டும் கட்டிப் புரண்டன. குட்டி தப்பியது. நரி கடுகு வயலுக்குள் பாய்ந்து மறைந்தது. காலுவின் காதிலிருந்து ரத்தம் சொட்டியது.

நான் சும்மா இருந்திருக்கலாமில்லையா? மஞ்சள்பொடியை அள்ளிக்கொண்டு போய் அதன் காதில் அப்பினேன். எரியாதா பின்னே? வெடுக்கென்று திரும்பியதில் பல் என் சுண்டுவிரலைக் கீறிவிட்டது. கடி என்று சொல்ல முடியாது. ஆனால் ரத்தம் வந்தது.

ராம்கிஷனுக்கு முகமே செத்துவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தன் நாய் கடிப்பதாவது! நரி கடித்த நாய்க்கு வெறி பிடிக்கும், இப்பவே தீர்த்துவிடுகிறேன் என்று அப்பா காலத்துத் துப்பாக்கியை எடுக்கப் போனார். அவர் மனைவி சந்தோஷ் குறுக்கே வந்து நின்றாள்.

"சுடுங்க. அடுத்த நரி வரும்போது கொட்டில் வாசல்ல நீங்க படுத்துக்கங்க."

மனுஷர் துப்பாக்கியை வைத்துவிட்டு, காலுவைச் சங்கிலியில் கட்டினார். நான் விரலை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் டிஸ்பென்சரி டாக்டர் சொன்னார் — நாயைக் கொல்லாதீர்கள், கட்டிவைத்துப் பத்து நாள் பாருங்கள். அது நன்றாக இருந்தால் உங்களுக்கு ஊசி வேண்டாம். செத்தாலோ, கொன்றாலோ, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி!

ஆக, என் வயிறு காலுவின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, ஒரு வாயில்லா ஜீவன் என்னால் சாகப்போகிறதே என்ற வேதனை வேறு.

ராம்கிஷன் தினமும் ஆபீஸில் செய்தி வாசிப்பார். எங்க வீட்டுக்காரர் சாயந்திரம் எனக்கு மறுஒலிபரப்பு செய்வார். திங்கள்: ரொட்டி தின்றது, தண்ணீர் தொடவில்லை. செவ்வாய்: அதே. தண்ணீரைக் கண்டு மிரண்டால் வெறிதான் என்று ஊர் உலகத்துக்கே தெரியுமே? நாளைக்கும் குடிக்காவிட்டால் சுட்டுவிடுவேன், பாபிஜி மன்னிக்கணும் என்று ராம்கிஷன் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடினோம்.

பம்ப்செட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் காலுவைக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ராம்கிஷன் எட்ட நின்றபடி, ஒரு கிண்ணம் தண்ணீரை நீளத் தடியால் அதன் பக்கம் தள்ளினார். காலு கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. தடியைப் பார்த்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னால் போனது.

"பாத்தீங்களா, பாபிஜி?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உள்ளே போய்த் துப்பாக்கியோடு வந்தார். அந்த நேரம் பார்த்து... கரெண்ட் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய் அந்தப் பக்கமே இருட்டு. மோட்டார் ஸ்விட்சை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். பம்ப் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, காய்ந்து கிடந்த வாய்க்காலில் ஓடி வந்தது. காலு சங்கிலி விட்ட மட்டும் பாய்ந்து, வாய்க்காலில் மூஞ்சியை விட்டுக் குடித்தது... குடித்தது... அப்படிக் குடித்தது!

சந்தோஷ் அழுதுகொண்டே சிரித்தாள். பிறந்ததிலிருந்து காலுவுக்கு யாரும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்ததே இல்லையாம்; வாய்க்கால் தண்ணீர்தான் பழக்கமாம். ராம்கிஷன் துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். நமக்குப் பயம் வந்துவிட்டால், எதிரில் இருப்பவர் என்ன செய்தாலும் வெறியாகத்தான் தெரிகிறது. இல்லையா?

பத்து நாளும் ஓடிவிட்டது. காதில் ஒரு துணுக்கு போனதைத் தவிர, காலு ஜம்மென்று இருக்கிறது. எனக்கும் ஊசி இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதன்கிழமை வீடு திரும்பி சாப்பிட உட்கார்ந்தோம். எங்க வீட்டுக்காரர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். மேஜைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, விரல் நுனியால் மெள்ள என் பக்கம் தள்ளினார். "குடியேன்" என்றார்.

நான் தொடவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கையை ஏந்திக் குடித்தேன்.