அம்மாவின் நிரையில் வெட்டிய பலகை

இன்று காலையில் ஒரு பழைய கட்டிலின் காலை அறுத்தபோது லேசாகப் புளித்த வாடை வந்தது. ரப்பர் மரம். கட்டிலைக் கொண்டுவந்தவரோ, "நல்ல தேக்கு, பாத்து அறுங்கம்மா" என்றிருந்தார். பாவம், அவர் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? தலையாட்டிவிட்டு அறுத்தேன். ஆனால் அந்த வாடை என்னை அசாம் ஜாவா என்ற சிற்றூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ராவாங் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு அங்கே ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்திருந்தேன். அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏசி ரூம்ல உக்காந்திருந்தவளுக்கு மரத்தூளு கேக்குதுலா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வார், என் காதில் விழும்படியாக. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரத்தோடு மல்லுக்கட்டுவது தம்மோடு முடியட்டும் என்று நினைத்தவர்.

அப்போதுதான் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அம்மா சீவுவதற்கென்று ஒதுக்கிய நிரையில் இருந்த மரங்களும் சாய்ந்தன. நான் சும்மா இருப்பேனா? லோரியில் ஏற்றிவந்து பலகையாக்கினேன். அம்மாவுக்கு ஒரு மேசை செய்து கொடுத்தால் மனம் இறங்கிவிடுவார் என்ற நப்பாசை. ரப்பர் மரத்தை அறுத்த கையோடு மருந்தில் ஊறவைக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். தோட்டத்தில் பிறந்தவளுக்கே ரப்பரைப் பற்றிப் பாடமா என்ற திமிரில் நான் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் பலகைகள் நீலப் பூஞ்சணம் பூத்து வீணாகி நின்றன. எங்களுக்குப் பாலைத் தெரியும், பட்டையைத் தெரியும். மரத்தை விறகாகத்தான் தெரியும்.

மறுபடியும் தோட்டத்துக்கு ஓடினேன். அம்மாவின் நிரையில் கடைசியாகச் சாய்த்த மரம் கிடைத்தது. இதுவும் வீணானால் ராவாங்குக்கே திரும்பிவிடுவது என்று முடிவு. ஊறவைத்து, காயவைத்து, இழைத்தேன். பலகையின் நட்டநடுவில் சாய்வாக ஒரு கறுப்புத் தழும்பு எழும்பியது. அழுகை வந்துவிட்டது. தோற்றவளாய், உங்களுக்கு மேசை செய்யத்தான் அறுத்தேன் என்று பலகையைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் போட்டேன்.

அம்மா பெருவிரலால் தடவினார்.

"வாய்க்கா ஓரத்து மரமா இது?"

"ஆமாம்மா."

"இது நான் போட்ட காயம். என் நெரையில அந்த ஒரு மரந்தான் காயம் பட்டுச்சு. நீ வயித்துல இருந்தே. தல சுத்தி, கத்தி ஆழமா போயிருச்சு. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல எல்லாரு முன்னாலயும் மண்டோர் ஏசுனாரு."

சீவும் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் சீவியவளுக்கு அவமானம். அந்த அவமானத்தை மரம் வருஷத்துக்கு ஒரு சுற்று வளர்ந்து மூடி, என் வயது முழுக்கத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது.

"அத அடியில மறைச்சிராத. மேலயே வையி" என்றார் அம்மா. மறுநாள் நான் பட்டறைக்குக் கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் கையில் கொடுத்தார்.

இப்போது அந்த நிரையெல்லாம் செம்பனை. அம்மாவும் இல்லை. எங்கிருந்தோ வரும் ரப்பர் பலகைகளில் எப்போதாவது அப்படி ஒரு சாய்ந்த கோடு தென்படும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தடவிப் பார்ப்பேன். யாரோ ஒருத்திக்குக் கை தவறிய ஒரு காலைப்பொழுது அது. அவள் யாரென்று சொல்லத்தான் ஆளில்லை.