கந்தகம் சேராத எலும்பு

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் தன் அண்ணன் சர்புதீன் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக் கடையின் மேல்மாடியில் விதவை ஜஹானாரா இரண்டு பெண்களை வளர்த்தாள். மூத்தவள் ஃபிர்தௌஸ் கீழே கல்லாவில் இருப்பாள். கைகால்கள் எல்லோரையும்போல் நீண்டன. முதுகுதான் வளர மறந்தது. இளையவள் நஜ்வாவைத் தன் மகன் ரபீக்குக்கு என்று தொட்டிலிலேயே பேசி வைத்திருந்தார் சர்புதீன்.

கல்யாணத்துக்கு முன் எல்லோருடைய ரத்தத்தையும் சோதித்தார்கள். ஜொகூர் பாரு மருத்துவமனையில் டாக்டர் ஷர்மினி ஜஹானாராவிடம் பொறுமையாகச் சொன்னார்.

“கந்தகச் சத்து, சல்ஃபேட், தானாப் போய்க் குருத்தெலும்புல சேராது ஆன்ட்டி. ‘பாப்ஸ்’னு ஒரு நியூக்ளியோடைடு அதைத் தூக்கிட்டுப் போய்க் கொடுக்கணும். ஃபிர்தௌஸ் உடம்புல அது சரியா உண்டாகல. அதான் முதுகெலும்பு தட்டையாயிடுச்சு. நஜ்வாகிட்டயும் ரபீக்கிட்டயும் அந்தக் குறை பாதி இருக்கு. வெளிய தெரியாது. அவங்களுக்குப் பிறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே மாதிரி வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு.”

“அப்ப கல்யாணம் வேணாமா டாக்டர்?”

“அதை நான் சொல்ல முடியாது. குடும்பமா பேசுங்க.”

ஜஹானாராவுக்கு அழுகை வரவில்லை.

கடைக்குத் திரும்பியதும் சர்புதீன் கல்லா அருகிலேயே பேச்சை எடுத்தார்.

“ரபீக் எல்லாம் சொன்னான். நாலுல ஒண்ணுதானே? நிக்காஹ் தேதியச் சொல்லு.”

“அந்த ஒண்ணு வந்துட்டா, காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள் ஜஹானாரா.

“வரட்டுமே. நம்ம ஃபிர்தௌசுக்கு என்ன கொறச்சல்? இவ இல்லன்னா என் கடை ஓடுமா லா? இவள மாதிரி ஒண்ணு பொறந்தா வேணாம்னு சொல்லுவியா, நீ?”

மீதிச் சில்லறை எடுத்த ஃபிர்தௌசின் கை அப்படியே நின்றது.

முதுகு வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த ஃபிர்தௌசின் முகம் தாயின் கண்முன் வந்தது. அதை அண்ணனிடம் சொல்லலாம். அந்தப் பிள்ளையின் எதிரிலேயே எப்படிச் சொல்வாள்? எந்தத் தாய்க்கு வரவேண்டும் இந்தச் சோதனை?

“வேணாம் காக்கா” என்றாள்.

சர்புதீன் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். ஃபிர்தௌஸ் சில்லறையைக் கொடுத்துப் பெட்டியை மூடினாள்.

“உம்மா, என்னைப் பாருங்க.”

ஜஹானாரா தரையையே பார்த்தாள்.

“நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லிருப்பேன். ஆனா நஜ்வாகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னைக் காட்டி அவ கல்யாணம் நின்னுச்சுன்னு என் வாயால சொல்ல முடியாது.”

ஜஹானாரா தலையசைத்தாள். நஜ்வா இருந்த மாடிக்கு அவள் கால்கள் யாருடைய கால்களோ போல ஏறின.