தாராளவாதமும் என் வேட்டிப் படமும்

ஹனோவர் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கும் என் மகள் போன வருடம் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு எசன் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அமெரிக்கத் தாராளவாதம் எப்படி மாறிவந்தது என்பது தலைப்பு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன்.

ஒரு காலத்தில் அந்தத் தாராளவாதிகளின் பேச்செல்லாம் சம்பளம், தொழிற்சங்கம், முதியோர் ஓய்வூதியம் பற்றியதாம். பிறகு கறுப்பின மக்களின் உரிமை வந்தது. வரத்தானே வேண்டும், அதுவரை அவர்களை வெளியே நிறுத்திவைத்ததும் அதே ஆட்கள்தான். அதற்குப் பிறகு படித்தவர்களின் கை ஓங்கியது. தொழிற்சாலைகள் கடல் கடந்து போனபோது, வேலை இழந்தவர்களைப் புதுத்தொழில் பழகச் சொன்னார்கள். மரியாதையான சொற்கள் கூடின, உழைப்பவர்கள் தூரமானார்கள். இது அவளுடைய வாதம்.

"அப்ப பாடுபடுறவனைக் கைவிட்டிட்டினம்," என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். மகள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே பல பண்பாட்டு நாள் கொண்டாடினார்கள். என்னை வேட்டி கட்டி வரச் சொன்னார்கள். மனைவி இரண்டு தட்டு ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். மேலாளர் என்னோடு நின்று படம் எடுத்து வாசலில் பெரிதாக ஒட்டினார். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் புளுகம்தான், சந்தோசம் தாங்கவில்லை. அன்றுதான் அவர் என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

அடுத்த கிழமையே எங்கள் பகுதியில் பாதிப் பேரை வெளி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்தது. அங்கே பழைய சலுகை எதுவும் கிடையாது. என்னோடு விரிப்பு மடிக்கும் துருக்கிப் பெண் எதிர்ப்புப் பட்டியலோடு வந்தாள். போதிய கையெழுத்து விழுந்தால் நிர்வாகம் பேச வரும் என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் முன்னமே இருந்தவர்கள் எங்களுக்குச் சொன்ன முதல் புத்தி, கட்டாயமில்லாத கடதாசியில் கையெழுத்து வைக்காதே என்பது. குடியுரிமை கிடைத்த பிறகும் கை அதை மறக்கவில்லை. எங்கள் பகுதியில் நாலு தமிழர். நாலு பேரும் மெல்ல நழுவினோம். பட்டியலுக்கு மூன்று கையெழுத்துக் குறைந்தது. அவளை மாற்றிவிட்டார்கள், என்னை வைத்துக்கொண்டார்கள். வாசலில் ஒட்டிய முகத்தை அனுப்பக் கூச்சப்பட்டிருக்கலாம்.

இதில் படக் கதையையும் பட்டியல் கதையையும் மகளுக்குச் சொன்னேன். கையெழுத்துப் போடாததை மட்டும் சொல்லவில்லை.

"நல்ல உதாரணம் அப்பா. முன்னுரையில போடப்போறன்," என்று எழுதத் தொடங்கினாள். பிறகு நிமிர்ந்து, "நீங்கள் கையெழுத்து வைச்சனீங்கள்தானே?" என்றாள்.

"இல்லை."

"ஏன்?"

"பயம், பிள்ளை." வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. "அந்தத் துருக்கி அன்ரியோட கதைக்கவேணும். அவவின்ர நம்பரைத் தாங்கோ," என்றாள்.

பதினொரு வருடம் ஒரே விரிப்பின் மற்ற இரண்டு மூலையைப் பிடித்தவள். அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை.